உப்புக் கிணறு

கிணற்று மேட்டில் நின்று, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எதையோ பார்த்துக்கொண்டிருந்த அண்ணன்தான் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறான். முகம்கூட அவ்வளவு தெளிவாக இல்லை. காக்கி அரைக்கால் சட்டை, முதுகில் தொங்கும் தொப்பி, வியர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்ட பச்சைத் துணி, காலடியில் தோண்டி. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை விதித்தவரும் இப்போது இல்லை, யாருக்காக விதித்தாரோ அவரும் இல்லை. இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது, என்னைத் தவிர.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் அல்ல, பெரியம்மா மகன். அக்கா தங்கை இரண்டு பேரும் பெரம்பலூரில் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வாழ்க்கைப்பட்டார்கள். அதனால் நான் எந்த வீட்டில் சாப்பிட்டேன், எந்த வீட்டில் தூங்கினேன் என்பதை யாரும் கேட்பதில்லை. அண்ணன் ஐந்தாம் பாரம், நான் இரண்டாம் பாரம். பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் எங்கள் அணிக்கு நரி என்று பெயர். அணித் தலைவன் அண்ணன். அவன் ஊளையிட்டால் நாங்கள் எங்கே இருந்தாலும் பதிலுக்கு ஊளையிட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். அவன் நல்லவனா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்ல மாட்டேன். அதிகாரம் செய்வான். முடிச்சுப் போடத் தெரியாவிட்டால் கயிற்றாலேயே ஒன்று வைப்பான். ஆனால் சாப்பாடு என்று வந்துவிட்டால் சின்னவனுக்குத்தான் முதல் கை, தலைவன் கடைசியில். இந்த வழக்கத்தை அவன் ஒரு நாளும் மீறியதில்லை. எல்லாரிலும் சின்னவன் நான் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

யுத்தம் ஓய்ந்திருந்தது, ரேஷன் ஓயவில்லை, அந்தக் காலம். ஜில்லாவிலுள்ள அத்தனை பள்ளிக்கூடத்துச் சாரணர்களும் அரியலூரில் கூடப் போகிறார்கள், கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள், கடைசி நாள் கலெக்டர் வந்து அணிவகுப்பைப் பார்க்கப் போகிறார் என்று சாரண ஆசிரியர் அறிவித்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு மூத்தவள் ஒருத்தி, என் அக்கா, முந்தைய வருஷம்தான் பேதியில் போயிருந்தாள். காலையில் கோலம் போட்டவள் விளக்கு வைப்பதற்குள் இல்லை. காலரா என்ற பெயரை அம்மா வாயால்கூடச் சொல்ல மாட்டாள். அந்த மாசி மாதம் மறுபடியும் அங்கே இங்கே என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"பேதி கண்ட சீமைக்குப் புள்ளைய அனுப்பச் சொல்றியா? எனக்கு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்" என்று அண்ணனிடம் சண்டைக்கு நின்றாள்.

அண்ணன் விறைப்பாக நின்று, மூன்று விரலைத் தூக்கி, சாரணர் உறுதிமொழி எடுப்பதுபோல் சொன்னான். "எந்தத் தண்ணியா இருந்தாலும் மொதல்ல நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சின்னம்மா தம்பிக்குக் குடுப்பேன். போதுமா?"

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு முட்டாள்தனமான வாக்கு. குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா? பதினைந்து பதினாறு வயதுப் பையனுக்குத் தோன்றியது அவ்வளவுதான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் நின்றிருந்த பெரியம்மாதான், "அனுப்புடி, எம் புள்ளகூடத்தானே போறான்" என்றாள். அதற்கு மேல் அம்மாவால் மறுக்க முடியவில்லை.

அரியலூருக்குக் கரி பஸ்ஸில் போனோம். பின்னால் தகர அடுப்பு புகைந்துகொண்டே வரும். மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டால் நாங்கள் இறங்கித் தள்ளிக்கொடுத்தோம். பாட்டும் கூச்சலுமாகத்தான் கிளம்பினோம். பாதி வழி தாண்டியதும் பாட்டு தானாகக் குறைந்தது. ரோட்டோரத்து ஊர் ஒன்றின் நுழைவில் கயிறு கட்டி வேப்பிலை தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்த ஊரிலும் அப்படியே. மூட்டையோடு ஒரு குடும்பம் கையைக் காட்டி நின்றது. டிரைவர் அவர்களைப் பார்க்காததுபோல் வண்டியை ஓட்டினார். குரும்பலூர்ப் பையன் ஒருவன் எங்கள் அணியில் இருந்தான், வாய்த் துடுக்கு. "ஏன் நிறுத்தல?" என்று கண்டக்டரைக் கேட்டான். "நிறுத்தினா நீ எறங்கிக்கறியா?" என்றார் அவர். சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

முகாம் எனக்குத் திருவிழாவைவிடப் பெரிதாக இருந்தது. ரயில் பாதைக்கு அப்பால் பெரிய பொட்டல், அதில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மூங்கில் வாசல், அதன்மேல் ஒரு கொடி. அதிகாலையில் ஊதுகுழல் ஊதினால் அத்தனை கூடாரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் பையன்கள் வெளியே வருவது பார்க்கத் தனி அழகு. அதே நேரத்தில் பயமுறுத்தும் காரியங்களும் அங்கே இருந்தன. நுழையும்போதே எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். கை வீங்கி, சல்யூட் அடிக்கத் தூக்க முடியவில்லை. ஊசி உடம்பில் பிடிக்க நாளாகும் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீரைப் பீப்பாயில் வைத்து மருந்து கலந்திருந்தார்கள். ரோஜா நிறத்தில் இருக்கும், துரு வாடை அடிக்கும். அதைத் தவிர வேறு தண்ணீர் தொடக் கூடாது, பக்கத்து ஊர்களுக்குள் காலை வைக்கக் கூடாது என்று கட்டளை. பிற்பகலில் காற்று கிழக்கே இருந்து வீசும்போது பறைச் சத்தம் கேட்கும். எங்கேயோ திருவிழா என்றார் சாரண ஆசிரியர். மறுநாளும் கேட்டது. எந்தத் திருவிழாவுக்கும் அப்படி அடிக்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் திருவிழா என்றே நாங்களும் வைத்துக்கொண்டோம்.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. அந்த மருந்துத் தண்ணீரைக்கூட முதலில் அவன் ஒரு வாய் குடித்து, கொஞ்சம் நின்று, பிறகுதான் என் குவளையை நிரப்புவான். கழுகு அணிப் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, "ராஜாவுக்கு விஷம் வச்சிருக்கானான்னு பாக்குறாண்டா" என்று கேலி செய்தார்கள். கழுகு அணி வேறு பள்ளிக்கூடம். கூடாரம் எங்களுக்கு எதிரே. வந்த நாளிலிருந்தே அவர்களுக்கும் எங்களுக்கும் ஆகவில்லை.

முகாமில் பெரிய போட்டி தடம் பிடித்தல். ஓர் அணி முன்னால் போய்க் கல்லாலும் குச்சியாலும் புல் முடிச்சாலும் அடையாளம் வைத்துக்கொண்டே போகும். இன்னோர் அணி அந்த அடையாளங்களைப் படித்துப் பின்தொடர வேண்டும். முதல் நாள் கழுகு அணி வழியில் முள்வேலி போட்டு அடைத்து எங்களை ஏமாற்றிவிட்டது. வேலி போட்டிருக்கிறார்களே, யாரோ ஒருவருடைய நிலமாக இருக்கும் என்று மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனோம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அடையாளம் இருந்தது. கடைசியாக வந்து சேர்ந்தோம். இரவெல்லாம் எதிர்க் கூடாரத்திலிருந்து நரி ஊளை கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் மல்லாந்து படுத்துக் கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் மறுபடியும் அனுப்பினார்கள். சுண்ணாம்புக்கல் தரை, வெள்ளை வெள்ளையாகக் கண் கூசியது. இரண்டு பக்கமும் காரை முள்ளும் கருவேலமும். தோல்பையில் கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்தது. கல் அம்பு ஒன்று, குச்சி அம்பு ஒன்று, பிறகு வெகு தூரம் ஒன்றுமில்லை. ஆட்டு மந்தை கலைத்திருக்கலாம். அப்போதுதான் பாதையை அடைத்துப் போட்டிருந்த முள்ளைப் பார்த்தோம். முள்ளுக்கு மேல் ஒரு மூங்கில், மூங்கிலில் செருகிய வேப்பங்கொத்து. கொத்து வாடியிருந்தது.

குரும்பலூர்ப் பையன் நின்றுவிட்டான். "அண்ணே, இது ஊர்க்காரங்க கட்டினதா இருக்கும்ணே. அம்மனுக்குக் கட்டினாப்ல இருக்கு."

"நேத்திக்கு முள்ளு. இன்னிக்கு முள்ளும் வேப்பங்கொத்தும். இந்தக் கழுதைங்களுக்கு வேற வேல இல்ல" என்றான் அண்ணன். மூங்கிலைத் தாண்டிக் காலை வைத்தான். நாங்களும் தாண்டினோம். வெளி உலகத்தில் வேப்பிலை கட்டியிருந்தால் அதன் பொருள் என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சில நாட்களில் எங்கள் கண்ணுக்குக் குச்சியும் கல்லும் இலையும் போட்டிக்காரன் வைத்த அடையாளமாகத்தான் பட்டன. சாரணனுக்கு மட்டும் வரக்கூடிய குருட்டுத்தனம் அது.

ஒரு சின்னக் குடியானவர் தெரு. கதவுகள் சாத்தியிருந்தன. அடுப்புப் புகை இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. கோழி இல்லை. ஒரு வாசலில் நெல் காயப்போட்டபடியே கிடந்தது, காக்கை கொத்திக்கொண்டிருந்தது, விரட்ட ஆள் இல்லை. எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விட வேண்டும்போல் இருந்தது, ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் உயரமான மேட்டில் கிணறு, ராட்டினம், கயிறு, தோண்டி. நாங்கள் மேட்டுக்குக் கீழே புளியமர நிழலில் விழுந்தோம். அண்ணன் மேலே ஏறிப் போய்த் தண்ணீர் இறைத்தான். ராட்டினம் கிறீச்சிட்ட சத்தம் அந்தத் தெரு முழுவதும் கேட்டது. தோண்டியைத் தூக்கி அப்படியே வாயில் சரித்துக்கொண்டான். தொண்டை ஏறி இறங்குவதைக் கீழே இருந்து பார்த்துக்கொண்டே நான் எச்சில் விழுங்கினேன். தோண்டியைக் கீழே வைத்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். கிணற்றுக்கு அந்தப் பக்கம், எங்களுக்குத் தெரியாத பள்ளத்தை எட்டிப் பார்த்தான். நின்றான்.

பிறகு திரும்பி, "உப்புத் தண்ணிடா. வாயில வைக்க முடியல. யாரும் கிட்ட வர வேண்டாம்" என்றான்.

தோண்டியில் மிச்சமிருந்ததைத் தரையில் கொட்டிக் கவிழ்த்து வைத்தான். "உப்புன்னா இவ்வளவு நேரமா குடிச்ச?" என்று குரும்பலூர்ப் பையன் முணுமுணுத்தான். நான் மேட்டில் ஏறப் போனேன். "ஏறின, காலை ஒடைச்சுடுவேன்" என்று கத்தினான். அவன் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை நான் கேட்டதே இல்லை. போட்டியை அப்படியே விட்டுவிட்டு முகாமுக்கு ஓடச் சொன்னான். எங்களை முன்னால் விட்டு, வெகு தூரம் பின்னால் அவன் வந்தான். நான் நின்றால் அவனும் நின்றான்.

அன்று மாலை எங்களோடு அவன் சாப்பிட உட்காரவில்லை. என் குவளையைத் தொடவில்லை. "நீயே மொண்டுக்க, பீப்பாயில மட்டும் மொண்டுக்க" என்றான். தன் தட்டையும் ஜமுக்காளத்தையும் எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்துக்கு அருகே தனியாகப் படுத்தான். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தோம். மறுநாள் கலெக்டர் வந்தார். பாண்டு வாத்தியம் முழங்க, நூற்றுக்கணக்கான பையன்கள் கால் மாற்றாமல் நடந்தோம். நரிக்கொடியை அண்ணன்தான் பிடித்திருக்க வேண்டும். கொடியை என் கையில் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அவன் வரிசைக்கே வரவில்லை. மேடையைத் தாண்டும்போது வலப்பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். நான் திருப்பியபோது மேடைக்குப் பின்னால் இரண்டு ஆசிரியர்கள் ஒரு கட்டை வண்டியை நிறுத்துவதும், அதில் யாரையோ தூக்கிக் கிடத்துவதும் தெரிந்தது. தொங்கிய காலில் எங்கள் பள்ளிக்கூடத்துக் காலுறை. வரிசை நிற்கவில்லை. நானும் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன்.

இருட்டுவதற்குள் முகாமைக் கலைத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு ஆள் போயிற்று; மறுநாள் முற்பகல் முதல் பஸ்ஸில் வந்து டவுன் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தாள். சாயங்காலம்வரை இருந்தான். எங்களில் வேறு யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது. அந்தக் குக்கிராமத்தில் வீட்டுக்கு வீடு பேதி கண்டிருந்தது. செத்தவர்களின் பாயையும் துணியையும் கிணற்றுக்குப் பின்னால் பள்ளத்தில் போட்டுக் கொளுத்திச் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். அண்ணன் எட்டிப் பார்த்தது அதைத்தான். முள் போட்டு அடைத்த ஊருக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போனானே, இவன் என்ன தலைவன், மற்ற பிள்ளைகள் பிழைத்தது உப்புக் கிணறு செய்த புண்ணியம், இல்லாவிட்டால் அத்தனை பேரையும் வாரிக் கொடுத்திருப்போம் என்று பெற்றவர்கள் பெரியம்மாவின் வாசலில் நின்றே பேசினார்கள். என் அம்மாவும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். "தண்ணி உப்பாப் போச்சோ, எம் புள்ள எனக்கு மிஞ்சினானோ." பெரியம்மா எதற்கும் வாயைத் திறக்கவில்லை. கோயிலுக்கு வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டாள்.

வருஷங்கள் ஓடின. தபால் ஆபீஸில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் தன் மகனுக்குப் பெண் பார்க்கத் துணைக்கு அழைத்தார். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பெயரைச் சொல்ல எனக்கு மனம் இல்லை. தெருக்கோடியில் மேடும் கிணறும் பார்த்தவுடன் கால் நின்றுவிட்டது. புளியமரம் இல்லை, கிணற்றுக்குச் சிமெண்டுக் கைப்பிடிச் சுவர் கட்டியிருந்தார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு வாய் குடித்தேன். இளநீர்போல் இருந்தது.

"கோடிக் கெணத்துத் தண்ணிங்க" என்றார் பெண்ணின் தகப்பனார், பெருமையாக. "பருப்பு போட்டா மசிக்கவே வேணாம், தானா கரைஞ்சிடும். சுத்துப்பட்டுல எல்லாக் கெணறும் கரிக்கும், இது ஒண்ணுதான் நல்ல தண்ணி."

"முன்னாடி உப்பா இருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதத்தாங்க குடிக்கிறோம். ஒரு நாளும் கரிச்சதில்லீங்க."

பெண்ணை அழைத்து வந்தார்கள், நமஸ்காரம் செய்தாள், பலகாரம் வந்தது. எனக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. நல்ல தண்ணீர். தாகத்துக்கு அமிர்தமாக இருந்திருக்கும். வயிறு முட்டக் குடித்த பிறகுதான் பள்ளத்தைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, பேதி என்று கத்தியிருந்தால் நாங்கள் சிதறி எந்தக் காட்டிலோ ஓடியிருப்போம், தாகத்தில் வேறு எந்தக் குட்டையிலோ வாயை வைத்திருப்போம். உப்பு என்று ஒரு சொல் சொன்னான். பிறகு தனியாக உண்டு, தனியாகப் படுத்து, தனக்கு வருவதற்காகக் காத்திருந்தான். அந்த வீட்டுக் கொல்லையில் போய் நின்று அழுதேன். ஐம்பதை நெருங்கிய ஆள் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் பயந்திருப்பார்கள்.

ஒரு கேனில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பெரம்பலூருக்கு வந்தேன். அப்போது அம்மாவும் பெரியம்மாவும் கணவர்களை இழந்து என் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். எந்தக் கிணறு என்று சொன்னேன். இத்தனை வருஷம் ஊர் உங்களைப் பேசியதெல்லாம் பொய், இப்பவே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள். "ஆஸ்பத்திரியில என் காதோட சொல்லிட்டுத்தான் போனான். தண்ணி நல்லா இருந்துச்சும்மா, தம்பிக்குத்தான் குடுக்க முடியலன்னான்."

"ஏன் பெரியம்மா சொல்லல? ஊரே ஏசினாங்களே."

"ஊரு ஏசினா ஏசிட்டுப் போவுது. உங்கம்மா எப்படிடா தாங்குவா? தம் புள்ளைக்காக எம் புள்ள போனான்னு தெரிஞ்சா ஒரு நாளாவது என் மொகத்துல முழிச்சிருப்பாளா? ஒரு வா சோறு எங்கூட உக்காந்து தின்னுருப்பாளா? எனக்குப் புள்ளைதான் போச்சு. தங்கச்சியும் போவணுமா?"

அம்மா வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். பெரியம்மா கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கேனிலிருந்து தானே ஊற்றிக்கொண்டு, நின்ற நிலையிலேயே மடமடவென்று குடித்தாள்.

"கல்கண்டாட்டம் இருக்கே. எந்த ஊருத் தண்ணிடா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

லப்பைக்குடிக்காட்டுப் பக்கம், ஒரு தோப்புக் கிணறு என்றேன்.